அன்று கொடுக்காத கூலி, இன்று யார் கணக்கில்?

"முப்பது வருஷம் தோட்டத்தில வேலை செஞ்சவங்களுக்கு இபிஎஃப் இருந்திருக்குமே, அப்புறம் எதுக்கு வெல்ஃபேர் காசு?" மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில், சாப்பாட்டுக் கடை மேசைகளில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்களுடைய அப்பா அம்மாவே எல்பில், டொவன்பி, ஹேவுட், கமுனிங் என்று ஏதாவது ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களாக இருப்பார்கள். இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி இருக்கும்போது ஒருவர் வயதான காலத்தில் அரசாங்கத்தின் கையை எதிர்பார்ப்பது அவருடைய சொந்தத் தவறு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் சரியில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் சரித்திரமும் வேண்டும்.

முதலில் கணக்கு. 1990களின் பிற்பகுதியில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 350 ரிங்கிட் நின்றது என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது என்றிருந்த காலம் அது. 1996 முதல் இபிஎஃப் சந்தா தொழிலாளிக்கு 11 விழுக்காடு, முதலாளிக்கு 12 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் 80 ரிங்கிட் 50 சென், வருடத்துக்கு 966 ரிங்கிட். இப்படியே 20 ஆண்டுகள் ஒரு மாதம்கூட விடாமல் கட்டி, வருடா வருடம் ஐந்தரை விழுக்காடு லாப ஈவும் கிடைத்தால், கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய 33,700 ரிங்கிட். அதை 55 வயதில் எடுத்து 75 வயது வரை பிரித்துச் செலவழித்தால் மாதம் 140 ரிங்கிட் வரும். எடுக்காமல் விட்ட மீதிக்கும் அதே லாப ஈவு கிடைக்கும் என்று தாராளமாகப் போட்டாலும் மாதம் 240-ஐத் தொடாது.

இபிஎஃப் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த அடிப்படைச் சேமிப்பு அளவு 240,000 ரிங்கிட். இருபது ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரிங்கிட் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொகையின் பொருள். நாம் மேலே பார்த்தவர் ஒரு மாதமும் தவறாமல் கட்டியும் அதில் ஏழில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறார். அவர் குடித்து அழிக்கவில்லை, மகள் கல்யாணத்துக்கு வாரி இறைக்கவும் இல்லை. சந்தா கூலியின் விழுக்காடாக இருப்பதால் கூலி சிறியதென்றால் சேமிப்பும் சிறியதாகவே நிற்கும். அரிசி, மருந்து, வாடகை எல்லாம் அந்த விழுக்காட்டைப் பார்த்துக் குறைவதில்லை.

அந்த இருபது ஆண்டுத் தொடர்ச்சியே பலருக்கு இல்லை என்பது இன்னொரு விஷயம். ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்த காலத்தில், நிரந்தர வேலையாட்களைக் குறைத்துவிட்டுக் கொன்ட்ரேக்டர் வழியாக ஆள் எடுக்கும் பழக்கம் பரவியது. என் அத்தை ஒருவர் அப்படி ஒரு கொன்ட்ரேக்டரிடம் பதினோரு வருடம் உதிரிப் பழம் பொறுக்கினார். பிறகு அவருடைய இபிஎஃப் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பதினோரு வருடத்துக்கும் ஒரு பதிவுகூட இல்லை. சம்பளத்தில் பிடித்தார்களா இல்லையா என்பதே அத்தைக்குத் தெரியாது. சம்பளச் சீட்டு என்று ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. சந்தா கட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம். ஆனால் கேட்கலாம் என்று நாங்கள் கிளம்பியபோது அந்த ஆள் ஊரிலேயே இல்லை.

தோட்டம் கைமாறி ஆட்களை நிறுத்தியபோது கிடைத்த ஈட்டுத் தொகையும் அதே கூலியின் மேல்தான் கணக்கிடப்பட்டது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். நாள் கூலி 14 ரிங்கிட் என்றால், 25 வருட உழைப்புக்கு 7,000 ரிங்கிட். அதோடு லயத்து வீடும் போய்விடும். தோட்டத்தில் இருந்தவரை வாடகை என்ற செலவே இல்லாமல் வாழ்ந்தவர்கள், சம்பாத்தியம் நின்ற வயதில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாடகைக்கு வழி தேட வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், தோட்ட மக்களின் முதுமை வறுமைக்கு இபிஎஃப் குறைவைவிட இந்த வாடகைதான் பெரிய காரணம்.

சரி, ஓய்வூதியம் என்று இல்லாமல் சேமிப்பு என்று இந்த ஏற்பாடு எப்படி வந்தது? மலாயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-இல் வந்தது. அப்போது ஆண்டவர்கள் பிரிட்டிஷார். தங்கள் சொந்த நாட்டில் அவர்கள் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1948 ஜூலையில், தேசியக் காப்புறுதித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். அங்கே சந்தா கட்டிய தொழிலாளிக்குச் சாகும்வரை அரசு வாராவாரம் ஓய்வூதியம் கொடுக்கும். இங்கே அவரவர் கட்டியது அவரவர் பெட்டியில் இருக்கும், வயது வந்ததும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தொகையில் மட்டும் இல்லை. ஒருவர் 60-இல் இறப்பாரா 90 வரை இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அங்கே அந்தத் தெரியாத பாரத்தை அரசு சுமந்தது. இங்கே தொழிலாளி தனியாகச் சுமந்தார். தோட்ட முதலாளிகளுக்கும் காலனி அரசின் கஜானாவுக்கும் இது வசதியாக இருந்தது. எதிர்காலத்தில் யாருக்கும் எதுவும் கடன்பட்டிருக்கத் தேவையில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தச் சேமநிதிப் பணம் சும்மா கிடக்கவில்லை. பல பத்தாண்டுகளாக அதன் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் போடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் போட்ட ரோடு, கட்டிய பள்ளிக்கூடம், துறைமுகம் எல்லாவற்றிலும் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. பெரட்டுக்களத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர்களின் மாதச் சந்தாவும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்தத் தொழிலாளர்கள் அரசுக்கு எதுவும் தரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

பிரிட்டனில் திரும்பி வந்தவர்கள்

தனியார் சேமிப்புக்கு விலகிப்போன குறைந்த சம்பளக்காரர்கள் அரசு ஓய்வூதியத்துக்குத் திரும்பி வந்தால் பொதுப் பணத்துக்கு என்ன செலவு? இந்தக் கேள்வியை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் பிரிட்டன். நம் ஊருக்குத் தூரமான கதைதான், ஆனாலும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1978 ஏப்ரலில் பிரிட்டன் தன் அடிப்படை ஓய்வூதியத்தின் மேல் இரண்டாவது அடுக்கு ஒன்றைச் சேர்த்தது. அது சம்பளத்தோடு சேர்ந்து ஏறும் ஓய்வூதியம். பத்து ஆண்டு கழித்து, 1988 முதல், வேண்டுமானால் அந்த அடுக்கிலிருந்து விலகித் தனியார் ஓய்வூதியக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. விலகுபவரின் காப்புறுதிச் சந்தாவில் ஒரு பகுதியை அரசே அந்தத் தனியார் கணக்கில் போட்டது. ஆசை காட்டுவதற்காக 1993 வரை கூடுதலாக 2 விழுக்காடும் கொடுத்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள்.

இங்கேதான் பொதுச் செலவுக் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் விலகும்போது அரசுக்கு இன்று வர வேண்டிய சந்தா குறைகிறது. முப்பது ஆண்டு கழித்து அவருக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியமும் குறைகிறது. அவர் திரும்பி வந்தால் இது தலைகீழாகிறது. இன்றைய வரவு ஏறும், நாளைய செலவும் ஏறும். ஒரே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை மட்டும் விரித்து வைத்துப் பார்ப்பவருக்குத் திரும்பி வரும் தொழிலாளி லாபமாகத் தெரிவார். முப்பது ஆண்டைச் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மையான தொகை தெரியும். ஓய்வூதியம் பற்றி எந்த நாட்டு அமைச்சர் பேசினாலும், அவர் எந்த ஆண்டின் கணக்கைச் சொல்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

விலகியவர்களில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு நஷ்டம் சீக்கிரமே தெரிந்தது. தனியார் கணக்கை நடத்தப் பிடிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி, சேமிப்பு சிறியதோ பெரியதோ, ஒரே அளவு. பெரிய சம்பளக்காரரின் கணக்கில் அது கடுகு. சிறிய சம்பளக்காரரின் கணக்கில் அது அவர் போட்டதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதன் பிறகு 2002 ஏப்ரலில் அரசு தன் இரண்டாவது அடுக்கையே மாற்றி அமைத்தது. ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் சம்பாதித்து, ஆனால் ஆண்டுக்கு 10,800 பவுண்டுக்குக் கீழ் இருப்பவர்களை, அந்த 10,800-ஐயே சம்பாதித்ததாக வைத்து ஓய்வூதிய உரிமை கணக்கிடப்பட்டது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்கூட அந்த உரிமை கொடுக்கப்பட்டது. அதாவது குறைந்த சம்பளக்காரர் கட்டிய சந்தாவுக்கு ஈடாகக் கிடைக்க வேண்டியதைவிட அதிகமாகவே அரசு தருவதாக ஒப்புக்கொண்டது. அவர் திரும்பி வருவதால் ஏற்படும் பொதுச் செலவு என்பது இந்த வித்தியாசம்தான். தெரிந்தே, வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட செலவு அது.

நம் பெண்கள் மாதாமாதம் பிடிக்கும் கூட்டுச் சீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். நிறையப் போடக்கூடியவர்கள் எல்லாரும் கூட்டைவிட்டு விலகி, கொஞ்சமாகப் போடுபவர்கள் மட்டும் மிஞ்சினால், கூட்டு நடத்தும் அக்காவின் பாடு என்ன ஆகும்? சேர்வதும் விலகுவதும் அவரவர் இஷ்டம் என்று விட்டால், விலகினால் லாபம் என்பவர்கள் விலகுவார்கள், உள்ளே இருந்தால் லாபம் என்பவர்கள் உள்ளே வருவார்கள். உள்ளே வருபவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள். அவர்களுக்கு உதவத்தான் திட்டமே இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்த உதவிக்கான பணத்தைப் போட வேண்டியவர்கள் வெளியே நிற்கிறார்கள். பிரிட்டன் கடைசியில் விலகும் வாசலையே மூடியது: தனியார் சேமிப்புக் கணக்குகளுக்கு 2012-இல், கம்பெனி ஓய்வூதியத் திட்டங்களுக்கு 2016-இல். 2016 ஏப்ரல் 6 முதல் இரண்டு அடுக்குகளும் போய் ஒரே அடுக்கு வந்தது. 35 ஆண்டுகள் சந்தாப் பதிவு இருந்தால் முழுத் தொகை, குறைந்த சம்பளக்காரருக்கும் பெரிய சம்பளக்காரருக்கும் ஒரே தொகை.

அந்தத் தொகையை வாரம் 155 பவுண்ட் 65 பென்ஸ் என்று வைத்தார்கள். அந்த ஆண்டில் வறிய முதியோருக்கான உதவித் தொகையின் அளவு, தனியாளுக்கு, 155 பவுண்ட் 60 பென்ஸ். ஐந்து பென்ஸ் கூடுதல். அற்பமாகத் தெரியும் அந்த ஐந்து பென்ஸுக்கு ஒரு காரணம் உண்டு. உதவித் தொகையின் அளவைவிட ஓய்வூதியம் குறைவாக இருந்தால், கொஞ்சம் சேமித்தவரும் சேமிக்காதவரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். சேமித்ததற்கு எந்தப் பலனும் இருக்காது. அதைத் தவிர்க்கத்தான் தரையை உதவித் தொகைக்குச் சற்று மேலே போட்டார்கள்.

சிலியிலும் ஏறக்குறைய இதே பாதைதான். 1981-இல் இராணுவ ஆட்சி தொழிலாளர்களைத் தனிநபர் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. சம்பளத்தில் பத்து விழுக்காடு. கால் நூற்றாண்டு கழித்து, ஏழைகளின் கணக்கில் வயதுக் காலத்துக்குப் போதிய பணம் இல்லை என்று தெரிந்தது. 2008-இல் வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் கொண்டுவந்தார்கள். 2022-இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். நம்மைப் போன்ற சேமிப்பு முறையை வைத்திருந்த நாடு, கடைசியில் அரசு ஓய்வூதியத்தை அதன் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

நம் ஊரில் திரும்பிப் போக என்ன இருக்கிறது

மலேசியாவில் தனியார் துறைத் தொழிலாளிக்குத் திரும்பிப் போக அரசு ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. 1969 சட்டத்தின்படி, வேலை செய்யும் வயதில் உடல் முடங்கினால் இயலாமை ஓய்வூதியமும், இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியமும் அது தருகிறது. நல்ல திட்டம், கணவனை இழந்த எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு இன்றும் அதுதான் சோறு. ஆனால் முழு ஆரோக்கியத்தோடு 60 வயதைத் தாண்டியவருக்கு அங்கே எதுவும் இல்லை. அவருடைய இபிஎஃப் தீர்ந்தால் மிஞ்சுவது முக்கியமாகச் சமூக நல இலாகாவின் முதியோர் உதவிதான். அது 2021-இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 600 ஆனது.

ஒருவருக்கு மாதம் 600 என்றால் வருடத்துக்கு 7,200. இருபது ஆண்டுக்கு 144,000 ரிங்கிட். மேலே நாம் கணக்குப் போட்ட தொழிலாளி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 33,700-ஐப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்த 144,000-ஐ "பொதுச் செலவு" என்று எழுதிக்கொள்கிறோம். ஆனால் இது எப்போது உருவான செலவு? அவர் மாதம் 350 ரிங்கிட்டுக்கு வேலை செய்தபோதே இந்தத் தொகை உருவாகிவிட்டது. கூலி அப்போது குறைந்ததால் யாருக்கு லாபம் போனதோ அவர்கள் இப்போது இந்தச் செலவில் இல்லை. வரி கட்டும் எல்லாரும் சேர்ந்து கட்டுகிறோம். 2013-இல்தான் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் 1,700. இன்று 1,700 வாங்குபவருக்கு இபிஎஃப்பில் மாதம் 408 ரிங்கிட் விழுகிறது, பழைய 80 ரிங்கிட் 50 சென்னைப் போல ஐந்து மடங்கு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது பெரிய மாற்றம். குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது கடைக்காரர்களின் இன்றைய சிரமத்தை மட்டும் பேசுகிறோம். 2050-இல் எத்தனை பேர் நல இலாகாவின் வாசலுக்கு வருவார்கள் என்பதும் அந்தச் சம்பளத்தில்தான் முடிவாகிறது.

முதியோர் உதவிக்கு வருமானச் சோதனை உண்டு. பிள்ளைகள் சம்பாதிக்கிறார்களா, வீட்டு வருமானம் எவ்வளவு, தாங்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கும் பணத்தை மிகவும் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் அதற்கும் விலை இருக்கிறது. தோட்டத்தின் உள்ளிருந்து வரும் பாட்டிக்கு எந்த அரசு அலுவலகக் காரியத்துக்கும் முதலில் ஒரு வண்டி பிடிக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தை மலாயில் நிரப்ப வேண்டும். பேங்க் புத்தகம், பிள்ளைகளின் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எல்லாம் வேண்டும். மகன் ஜோகூரில் வேலை செய்துகொண்டு வருடம் இரண்டு முறை வந்து போகிறவனாக இருந்தாலும் காகிதத்தில் அவன் மகன்தான். கேட்கக் கூச்சப்பட்டே கேட்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். "யாருகிட்டயும் கையேந்தாம இருந்துட்டோம்பா" என்று சொல்லும் கிழவர்களை நான் அறிவேன். அவர்கள் கேட்காமல் இருப்பது அரசுக்கு மிச்சம் என்று கணக்கில் வரும். பக்கவாதம் வந்து அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கும்போது அந்த மிச்சம் இன்னொரு இலாகாவின் செலவாகப் போய்ச் சேரும்.

பொதுப் பணம் வேறு வழியிலும் முதுமைக்குப் போகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இபிஎஃப் சந்தாவுக்கு ஆண்டுக்கு 4,000 ரிங்கிட் வரை வருமான வரிச் சலுகை உண்டு. 25 விழுக்காடு வரி வரம்பில் இருக்கும் ஒருவருக்கு அதன் மதிப்பு வருடம் 1,000 ரிங்கிட். 1,700 சம்பளக்காரர் வருமான வரியே கட்டுவதில்லை, ஆகவே அவருக்கு அதன் மதிப்பு பூஜ்யம். லாப ஈவுக்கும் வரி கிடையாது. அதிலும் பெரிய கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் பெரிய பங்கு. வசூலிக்காமல் விட்ட வரியும் அரசின் செலவுதான், ஆனால் அதை யாரும் வெல்ஃபேர் என்று சொல்வதில்லை.

கோவிட் காலத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களில் சுமார் 81 லட்சம் பேர் தங்கள் இபிஎஃப்பிலிருந்து 145 பில்லியன் ரிங்கிட் எடுத்தார்கள். எங்கள் ஊரிலும் அந்தப் பணம் வாடகையாக, பால் மாவாக, அடகு வைத்த தாலியை மீட்கும் காசாகப் போனது. எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வேறு வழி இல்லை அவர்களுக்கு. ஆனால் நடந்தது என்ன? ஒரு தேசியப் பேரிடரின் செலவில் ஒரு பெரிய பங்கை மக்கள் தங்கள் சொந்த முதுமையிலிருந்து கட்டினார்கள். அன்று அரசின் கணக்கில் அது வரவில்லை. அதற்குப் பிறகு 55 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் கணக்கில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே இருந்தது. அன்று ஒத்திப்போட்ட செலவு இனிமேல் ஆண்டாண்டாக வரும்.

அப்படியானால் வயதானவர்கள் எல்லாருக்கும் ஓர் அடிப்படை ஓய்வூதியம் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? நம் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக 2008 முதல் 2018 வரை இருந்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரும் அவருடைய மலேசிய சோசலிசக் கட்சியும் நெடுங்காலமாகக் கேட்டு வருவது இதைத்தான். 65 வயதைக் கடந்தவர்கள் நாட்டில் சுமார் 26 லட்சம் பேர். எந்தச் சோதனையும் இல்லாமல் எல்லாருக்கும் மாதம் 600 என்றால் வருடத்துக்கு 18.7 பில்லியன் ரிங்கிட். 2025 வரவு செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகை 421 பில்லியன். அதில் நூற்றுக்கு நாலரைப் பங்கு. ஏற்கெனவே அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களை விட்டுவிட்டால் இது இன்னும் குறையும்.

பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு இப்போதே ஆண்டுக்கு 30 பில்லியனுக்கு மேல் செலவாகிறது. 2040-இல் அது 120 பில்லியனைத் தொடும் என்று துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடி சொல்லி, புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார். முப்பது வருடம் வேலை செய்த அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு சாகும்வரை கிடைக்கிறது. அவர்கள் உழைத்தார்கள், வாங்கட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை. அதே முப்பது வருடம் இந்த நாட்டின் ஏற்றுமதியைத் தோளில் சுமந்தவருக்கு மாதம் 600 கொடுக்கப் பணம் இல்லை என்று சொல்லும்போதுதான் மனம் கேட்க மாட்டேன் என்கிறது.

இந்தக் கணக்கு எதிலும் வராதவர்களும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து முதியவர்களானவர்கள். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பர்மிட் எடுக்க வேண்டியதாகி, பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் இங்கேயே உழைத்தவர்களில் சிலருக்குக் கடைசிவரை நீலக் கார்டு கிடைக்கவே இல்லை. குடியுரிமை இல்லாதவருக்கு முதியோர் உதவியும் இல்லை. எல்லாருக்கும் ஓய்வூதியம் என்று ஒரு நாள் சட்டம் வந்தாலும், "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் இவர்கள் இருப்பார்களா என்பதை அப்போதே கேட்டாக வேண்டும். அவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகும் செலவும் கொஞ்சம்தான்.

தோட்டத்தில் இன்று பழம் வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் இபிஎஃப் கட்டாயமாகியிருக்கிறது, தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. உள்ளூர் ஆளுக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டிய இடத்தில் இது 2. அவர்களுடைய முதுமைச் செலவு லொம்போக்கிலும் சில்ஹெட்டிலும் வந்து விழும் என்பதால் நம் கணக்கில் தெரியாது. ஒரு காலத்தில் நம் தாத்தாக்களின் முதுமையும் இப்படித்தான் தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் அனுப்பப்பட்டது.

நம் பிள்ளைகளோ தோட்டத்தை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள். அத்தையின் பேரன் ஈப்போவில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் இவனைப் போன்றவர்களுக்கு சொக்சோ பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. ரோட்டில் விழுந்தால் அது கைகொடுக்கும். இபிஎஃப் மட்டும் அவரவர் விருப்பம். 2025 கணக்குப்படி, இபிஎஃப்பின் ஐ-சாரான் என்ற விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் அவன் தானாகப் பணம் போட்டால் அரசு அதற்கு மேல் 20 விழுக்காடு தரும், ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, வாழ்நாளில் மொத்தம் 5,000 வரை. முழு 500-ஐயும் வாங்க அவன் மாதம் 210 ரிங்கிட் அளவுக்குப் போட வேண்டும். அவனிடம் இதை ஒரு நாள் உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "நல்ல திட்டம்தான் மாமா, ஆனா டயர் மாத்துற மாசம் எதுல போடுறது?" என்றான்.

அவனுக்கு வயது 24. 60 ஆகும்போது 2060களின் தொடக்கமாக இருக்கும். அவனுடைய இபிஎஃப் கணக்கில் இன்று இருப்பது, ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதம் வேலை பார்த்தபோது விழுந்த பணம் மட்டும்.